ஒன்பதாம் நம்பர் செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியை வாங்கி வரச் சொல். வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

லீவு நாளில் கம்பெனி பஸ்ஸில் எங்களை டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தெருவுக்கு ஒரு சாமான். ஒரு தெரு முழுக்கப் பொத்தான் கடை! தினமும் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவளுக்கு லீவிலும் பொத்தான் தரிசனம். அடுத்தது விளக்குத் தெரு. பட்டப்பகலில் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தது. பார்த்தேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் செருப்புத் தெரு. கடைக்காரர் நம்பர் கேட்டதும், "ஒன்பது, விரல் பக்கம் அகலமா இருக்கணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அப்பா இப்போது இல்லை என்பது உறைத்தது. காரியத்துக்கு நான் வரவில்லையே, அதனால்தானோ என்னவோ. அழுகையெல்லாம் வரவில்லை, நீ பயப்படாதே. பக்கத்து சீட்டு அக்கா கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே வந்தேன்.

தம்பிக்கு ஒன்பது சரியாக இருக்குமா என்று பார்த்துச் சொல். அவசரமே இல்லை, மெதுவாகச் சொல். அதுவரை அறைக்குள் நான்தான் போட்டுக்கொண்டு நடக்கிறேன். எனக்குப் பெரிசு. காலில் நிற்காமல் சரக் சரக்கென்று இழுபடுகிறது.

அப்பா வீட்டுக்குள் வரும்போது கேட்குமே, அதே சத்தம்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது அம்மா.

உன் மகள்