ஆதனுக்கும் எழினிக்கும் ஒரே குலசாமி

ஆடி 6, வெள்ளி
காலையிலிருந்து பேய்க்காற்று. கூட்டிய வாசல் மறுபடியும் குப்பை. செலவு: வெல்லம், விளக்குத்திரி, தாள் ஒரு குயர். தாள் கதைக்கு. கணக்கிலும் அப்படியே எழுதினேன்.

மத்தியானம் விதைக்கடலை உரித்தபடியே அத்தையும் பக்கத்து வீட்டுச் சரசக்காவும் கேட்க, புது அத்தியாயம் வாசித்தேன். ஏழுகரட்டு நாட்டு இளவரசன் ஆதன், படைத்தலைவர் மகள் எழினியைக் கட்டிக்கொள்வதாக நீராத்தா கோயிலில் சத்தியம் செய்யும் இடம்.

அத்தை கையை நிறுத்தினார். "அம்மிணி, அந்தப் புள்ளைக்குக் குலசாமி எது?"

"நீராத்தாதானுங்க அத்தை."

"பையனுக்கு?"

"அவனுக்கும்..."

சரசக்கா சிரித்த சிரிப்பில் மடிக்கடலை எல்லாம் தரையில். "ஏனுங், ஒரே குலசாமின்னா பங்காளி அல்லோ! அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா தாலி கட்டி வெக்கறீங்கோ?"

நாடு, மலை, ஆறு, எல்லாம் நானே உண்டாக்கியது. இது எப்படித் தப்பியது? கலியாணம் இல்லையென்றால் கதையே இல்லை. அதற்காகத்தான் இத்தனை வருஷ எழுத்து.

ஆடி 7, சனி
இட்லிக்கு ஆட்டியாயிற்று. இவர் யோசனை: "பொண்ணோட சாமி பேரை அடிச்சுட்டு வேற எழுது, முடிஞ்சுது." பட்டறையில் லாரிக்குப் பெயிண்ட் மாற்றுகிற நினைப்பு! எழினி போருக்கு முன்னால் நீராத்தா காலடியில்தான் அழுகிறாள். அதை எடுக்க மனசு வரவில்லை.

பயமும். இன்னொரு சாமியையும் உண்டாக்க நான் யார்? விளக்கேற்றி முருகனிடம் கேட்டேன்.

ஆடி 10, செவ்வாய்
கிடைத்துவிட்டது! துணி துவைக்கும்போது.

வழிவழியாக நீராத்தா என்று எழினி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் பாட்டனார் பனிமலையிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர். நீராத்தா தஞ்சம் கொடுத்தவள். சொந்தச் சாமியை மலையிலேயே விட்டு வந்த வெட்கம். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சாமி பனியப்பன். கூரை இல்லாத கோயில். மணி இல்லை, கல்லைக் கல்லால் தட்டவேண்டும். நெல் விளையாத இடம், ஆகவே சாமைப் பொங்கல். உண்டாக்குவது போலவே இல்லை. நேரில் நிற்பவரைப் பார்த்து எழுதுவது போல. பயம் போய்விட்டது.

இனி ஆதன் பகைவர் கையிலிருக்கும் அந்த மலை ஏறி, பனியப்பனை இங்கே நிறுத்த அவர் கோயில் மண் ஒரு பிடி, பிடிமண்ணாகக் கொண்டுவந்தால்தான் தாலி. இரண்டாம் பாகமே கையில்!

ரசத்தில் உப்பில்லை. அத்தை தாமே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆவணி 3, வெள்ளி
ஆடி போகட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த கலியாணத்தை இன்று வாசித்தேன். தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆதன் பிடிமண்ணை நீட்டும் இடத்தில் அத்தை: "வெறுங்கையிலயா வாங்கறா? மஞ்சத்துணியில வாங்கச் சொல்லு." அங்கேயே திருத்தினேன்.

தாலி கட்டும் வரி வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். போச்சு, பிடிக்கவில்லை என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் மஞ்சள் பிசைந்த பச்சரிசி. தாள்மேல் தூவினார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும் சாமி."

சரசக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கை அள்ளினாள். நானும் போட்டேன்.