பரண்மேல் ஆட்டக்காரன்

வேலூர், 4 ஜூன் 1934

நெடிய விவாதத்துக்குப் பின், பந்துக்குக் காற்று அடிப்பது என்று எங்கள் காலேஜ் பாஸ்கட்பால் கமிட்டி இன்று தீர்மானித்தது. தலைவர் எங்கள் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரை. செயலாளர், சரித்திரம் நடத்தும் நான். மூன்றாமவர் கணக்கு ராமமூர்த்தி. அவர் மட்டும் எதிர்த்தார். போன வருஷம் எதிர்க் காலேஜிடம் தோற்றதற்குக் காற்றில்லாத பந்து என்று ஒரு காரணமாவது இருந்தது, இனி அதுவும் இராது என்றார். இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைச் சரித்திரத்தில் யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எதிர்க் காலேஜின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிற்காலத்தில் யாராவது இதைப் படித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

9 ஜூன்

ஜில்லாவுக்குள்ளேயே திறமையைத் தேடிப் பிடிப்பது என்று முடிவு. எதிர்க் காலேஜும் அதே முடிவில் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் உயரமான ரயில்வேக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனால், அவர்களும் வந்திருந்தார்கள். அவர் இரண்டு கட்சிக்கும் டீ கொடுத்து, தனக்கு மூன்று பேரப்பிள்ளைகள் என்றார்.

12 ஜூன்

ஆம்பூர். ஜியாவுதீன் சாகிபுவின் தோல் கிடங்கு. வாடை தாங்காமல் துரை கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். துரை நிற்கும்போது நாங்கள் உள்ளே போவது மரியாதை ஆகாது.

உள்ளே, தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை அடுக்கிய உயரமான பரண். அதன்மேல் நெட்டையான ஒரு வாலிபன். சாக்கில் சுற்றிய பட்டைக் கட்டுகளை வீசுகிறான். தரையில், எங்கோ ஒரு மூலையில் இருக்கும் கூடையில் போய் விழுகின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு தடவை கொட்டாவி விட்டுக்கொண்டே வீசினான். துரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

கீழே ஒருவன், கட்டைப் பிரித்துச் சாக்கைப் பந்தாகச் சுருட்டி, பரண் விட்டத்தில் தொங்கிய கூடைக்குள் எறிந்தபடி நடுநடுவே எங்கள் பார்வையை மறைத்தான்.

"யோவ், தள்ளி நில்லுய்யா!" என்றார் ராமமூர்த்தி.

தள்ளி நின்றான்.

13 ஜூன்

நெட்டையன் பெயர் அதாவுல்லா. எஸ்.எஸ்.எல்.சி. தேறி இரண்டு வருஷம் ஆகிறது. காலேஜுக்குக் கட்ட வழியில்லாமல் பரணேறியவன். படிப்பென்றால் உயிர். இரண்டு வருஷ இன்டர்மீடியட்டில் பீஸ் இல்லாத இடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது.

அவன் வீட்டுக்குப் போனேன். எதிர்க் காலேஜ் அருணகிரி எனக்கு முன்பே வந்து, பிரியாணியில் இரண்டாம் தட்டில் இருந்தார்.

அதாவுல்லா சொன்னான்: "சார், நான் மேலேர்ந்து கீழ போட்டுத்தான் பழக்கம். கீழேர்ந்து மேல போடறவன் சுப்பராயன். என் தோஸ்த். அவனும் எஸ்.எஸ்.எல்.சி.தான். ரெண்டு பேரையும் சேத்துக்குங்களேன்."

அருணகிரி சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை நாசூக்காகப் பேரம் பேசுகிறான்!

திரைக்குப் பின்னாலிருந்து அவன் தாயார் முனவ்வர் பேகம் கேட்டார்: "பந்து கெடக்கட்டும் வாத்தியாரே. ரெண்டு வருஷமும் புள்ள படிப்பானா? நடுவுல வூட்டுக்கு அனுப்பிட மாட்டீங்களே?"

"தாராளமாப் படிப்பான், பேகம் சாயபா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதாவுல்லா எங்களுக்கு. அருணகிரி வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, அந்தச் சுப்பராயன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனார். பாவமாக இருந்தது.

16 ஜூலை

பயிற்சி. அதாவுல்லா எறிந்த பந்து வளையத்துக்கு ஒரு முழம் கீழே போய்ச் சுவரைத் தொட்டது. மறுபடியும். மறுபடியும்.

புது இடம். கூச்சம்.

30 ஜூலை

கூச்சம் நீடிக்கிறது.

6 ஆகஸ்ட்

ராமமூர்த்தி அவனை மேஜைமேல் ஏற்றினார். எல்லாம் விழுந்தன. விதிப்புத்தகத்தில் மேஜையைப் பற்றி ஒன்றுமே இல்லை, துரைதான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் நியாயம் சில சமயம் விளங்குவதில்லை.

சரித்திர வகுப்பில் அவன் கேட்ட கேள்விக்கு நாளை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். தேட வேண்டும்.

22 செப்டம்பர்

தோத்துட்டோம். இருபத்தெட்டுக்கு நாலு. இன்னா ஆட்டம் இது — அவங்க பக்கம் ஒருத்தன், நின்ன எடத்துலேர்ந்து, பாக்காமகூட மேல எறியறான், உள்ள விழுது. எங்கேயோ பாத்த முகம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். பாதி ஆட்டத்துல ராமமூர்த்தி என் காதுல சொன்னார்: "தள்ளி நில்லுய்யான்னு சொன்னேனே, அவன்தான் சார்."

ஆட்டம் முடிந்ததும் சுப்பராயனும் அதாவுல்லாவும் மைதானத்தின் நடுவிலேயே கட்டிக்கொண்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவன் முகத்தில்கூடப் பகை இல்லை.

24 செப்டம்பர்

அதாவுல்லாவை அனுப்பிவிடச் சொல்கிறார் துரை. பையன் என் அறை வாசலில் வந்து நின்றான். "சார், நான் கெடங்குக்கே போய்டணுமா? அம்மாகிட்ட நான் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க."

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது? தூக்கம் வராது போலிருக்கிறது.

25 செப்டம்பர்

கமிட்டி கூடியது. அனுப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். ஆனால் அவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி ஜியாவுதீன் சாகிபுவிடம் போய், நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்தது தப்பான ஆளை என்று ஒருவர் சொல்ல வேண்டும். யார் போவது என்று மட்டும் கேட்டேன்.

துரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு துடைத்ததையே துடைத்தார்.

அதாவுல்லா தற்காப்பு ஆட்டத்தில் நிகரற்றவன். அவனைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இரண்டு வருஷமும் அவன் இங்கேயே இருப்பது காலேஜுக்கு இன்றியமையாதது என்று ஒருமனதாகத் தீர்மானம். ராமமூர்த்திகூட எதிர்க்கவில்லை.

செப்டம்பர் 1935

மறுபடியும் தோல்வி. பந்தில் காற்று சரியாகவே இருந்தது.

11 ஜூன் 1936

இன்டர்மீடியட் முடிவு வந்துவிட்டது. அதாவுல்லா முதல் வகுப்பு. எதிர்க் காலேஜில் சுப்பராயன் இரண்டாம் வகுப்பு. இருவரும் பி.ஏ. படிக்கச் சென்னைக்குப் போகிறார்கள், ஒரே காலேஜுக்கு. வழியனுப்ப நானும் அருணகிரியும் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம்.

ஜியாவுதீன் சாகிபுவும் வந்திருந்தார். சுப்பராயன் போன பிறகு, கிடங்கில் காலிச் சாக்குகளைப் பரணுக்கு ஏற்றக் கப்பியும் கயிறும் மாட்டியிருக்கிறாராம்.