‘நீக்கலாம்’ என்று எழுதுவதற்கு முன்

மன்னித்துவிடு. நீ உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதாதவள் இப்போது கடிதம் எழுதுவது கேலிக்கூத்துதான். நேரில் வாய் திறக்கவே யோசிப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

இன்று காலை பரவை மார்க்கெட் அருகே பேருந்து நின்றபோது கொத்தமல்லி வாசனை உள்ளே வந்தது. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை. கணினிப் பட்டம் வாங்கிவிட்டு நீ காய்கறிக் கூடைகளுக்கு நடுவே அலைந்தாய். எந்தத் தோட்டத்துக் காய் எந்தக் கடைக்குப் போகிறது என்று பதிகிற பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேடு உன் நிறுவனத்துடையது. அதில் பாதிக்கு மேல் உன் உழைப்பு. ஒருமுறை பதிந்தால் யாரும் மாற்ற முடியாது என்று நீ விளக்கியதும் தக்காளிக் கடை அண்ணன் கேட்டாராம்: “அழுகுனத நல்லதுன்னு பதிஞ்சுட்டா, அதையும் மாத்த முடியாதா தங்கச்சி?” அன்று பேருந்தில் என்னிடம் அதைச் சொல்லி, சிம்மக்கல் வரும்வரை சிரித்தாய். “அதுக்குத்தான்டி எங்க ஆபீஸ்ல யாருக்கும் பதில் தெரியல.”

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகள் திருத்துவோம். அது தெரிந்து உன் மேலாளர், “நம்ம டெக்னாலஜிக்கும் ஒரு பக்கம் போடும்மா” என்றார். “வெளியாளு யாரும் ஆராஞ்சு எழுதல சார். நாமளே எழுதுறது, நமக்கு நாமே மாலை போட்டுக்கிற மாதிரி” என்றாய். அப்புறம் அவர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காய்ச்சலோடு வேலைக்குப் போய் நீ செத்தபிறகு அந்தப் பக்கத்தை அவரே போட்டுவிட்டார். உருவாக்கியவர் என்று அவர் பெயர். அடியில் ‘மறைந்த ஊழியர்’ என்று உன் பெயரும் படமும். ஆதாரங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நிறுவனம் கொடுத்த அறிக்கையை அப்படியே அச்சடித்த செய்திகள். ஒன்று உன் கண்ணீர் அஞ்சலி. உன் சாவையும் ஆதாரமாக அடுக்கிவிட்டார்கள்.

பக்கத்தை நீக்கலாமா என்று விவாதம் நடக்கிறது. அலுவலகத்து ஆட்கள் புதுக்கணக்கு தொடங்கி, ஒரே வாக்கியத்தை ஒட்டி, ‘வைத்திருக்கலாம்’ என்கிறார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் என்று நினைப்பு. “இங்க தலைய எண்ண மாட்டாங்கடி, ஆதாரத்தத்தான் பாப்பாங்க” என்பாய். கலைக்களஞ்சியத்தை நடத்துபவர்கள் என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள்.

போன வாரம் அலங்காநல்லூரில் உன் அம்மாவைப் பார்த்தேன். “நெட்டுல எம்புள்ள பேரு வந்துருக்காம்ல? தெருவுல அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. அப்ப அவ சும்மா சாகலத்தா” என்று என் போனை வாங்கி, நான் கிளம்பும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உன் தோழி என்பதை முதலில் சொல்லிவிட்டு, இன்று சாயங்காலம் ‘நீக்கலாம்’ என்று எழுதப்போகிறேன். நீ இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பாய். மேலாளருக்கு ஒன்றும் ஆகாது. வேறெங்காவது பெயரைப் பொறித்துக்கொள்வார். பறிபோவது அம்மாவுக்குத்தான். நீ விட்டுப்போன நியாயம் என் கையில் இப்படித்தான் வந்து விடிந்திருக்கிறது.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. பக்கம் காணாமல்போனதும் அம்மா என்னைத்தான் கூப்பிடுவார். அவரிடம் என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவை அவர் கனவில் வந்து, எடுக்கச் சொன்னது நீதான் என்று சொல்லிவிடேன்.