மாற்றி வைத்த பொதி

புதன் இரவு, வாகட், புனே.

எங்கள் கட்டற்ற மென்பொருளின் புதிய பதிப்பைப் பொதியாக்கிக் காலையில் வெளியிட்டு, பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணோடு மடற்குழுவுக்கு அறிவிப்பும் அனுப்பினேன். ஹிஞ்சவடி நெரிசலில் ஆபீஸ் பஸ் நின்றபோதுதான் ஒரு கோப்பு விடுபட்டது தெரிந்தது. பதிப்பு எண்ணை மாற்றி மறுபடி அறிவிப்பதுதான் முறை. அதற்கு வெட்கப்பட்டு, அதே எண்ணில் திருத்திய பொதியைச் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டேன்.

மாலையில் கோவையிலிருந்து பிரபு கூப்பிட்டான். ஏழு வருஷமாக இதை என்னோடு சேர்ந்து பராமரிக்கிறவன்.

"அறிவிப்புல போட்ட சரிபார்ப்பு எண்ணும் சர்வர்ல இருக்கற பொதியும் ஒத்துப்போகலடா. எவனோ உள்ள பூந்து மாத்திட்டான். யாரும் இறக்காதீங்கன்னு குழுவுல போட்டுட்டேன். நீ எதையும் தொடலையே?"

"இல்லடா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

அப்போதிலிருந்து சர்வர் பதிவுகளை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது ஒரு செய்தி.

"ஏத்துனது உன் கணக்குலருந்துதான், புனேன்னுதான் காட்டுது. உன் பாஸ்வேர்ட திருடிட்டான் போல. நீ பயப்படாம தூங்கு. அவன நான் விடமாட்டேன்."

என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

பதில் எழுத உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது. திரையில் 'பிரபு' என்று மட்டும் இருக்கிறது.