மலை வழிக்கு உன் பெயரை வைத்தவன் எழுதுவது

ஓட்டுகிற சீட்டை எனக்கு விட்டுவிட்டுப் போன என் மச்சான் தனாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. என்ன செய்ய, பழக்கம். நீ போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. இன்னும் வாசலில் பெரிய வண்டியின் ஹாரன் கேட்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. நம் வேன் நன்றாக இருக்கிறது. மேனாம்பேட்டில் என் வீட்டு முன்னால்தான் நிற்கிறது, எதிர்வீட்டுக்காரர் தினமும் முறைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போகிறார். பேட்டரி மாற்றினேன். உன் மல்லிகாவை எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். பூந்தமல்லி ரோடு மட்டும் நீ விட்டுப்போன மாதிரியே தோண்டிக் கிடக்கிறது.

கெட்ட சேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதுவும் எல்லோரும் படிக்கிற இடத்தில். ஏனென்றால் நான் அந்தக் காரியத்தைச் செய்ததும் எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான். ஒளிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டால் நீயே சிரிப்பாய்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்த கதைதான். பாடியில் ஒரே மெஷின் ஷாப்பில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின். எங்கேயோ மலைக்காட்டில் ஆம்புலன்ஸாக ஓடிக் களைத்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் வேன் ஏலத்துக்கு வர, இருவரும் சேர்ந்து எடுத்தோம். லீவு நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தோம். கட்டில் போட்டோம், அடுப்பு வைத்தோம், கூரைக்கு மேலே தண்ணீர் டேங்க் ஏற்றினோம். "ஊட்ல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா அடிக்கல, வண்டிக்குள்ள ஊடு கட்டிகினு கீறீங்களா ரெண்டு பேரும்?" என்று மல்லிகா கேட்டது தெருவுக்கே கேட்டது.

ரோடு முடிகிற இடத்தில்தான் உனக்குப் பயணம் ஆரம்பிக்கும். டயரில் காற்றைக் குறைத்து, நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டுக்கொண்டு, கல்லிலும் ஓடையிலும் ஆமை போல ஏறுவாய். எனக்கு அதில் பயம்தான், ஆனாலும் வருவேன். எத்தனையோ மலைக்குப் போனோம். அதில் ஒரு மலை, அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஊர், அந்த ஊருக்கென்று ஒரு ஊற்று. ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தப் புத்தி இப்போதுதான் வந்திருக்கிறது.

உன்னிடம் ஒரு பழக்கம் உண்டு, எனக்கு அது எரிச்சல். எவ்வளவு வெட்டவெளியாகக் கிடந்தாலும் கேட்காமல் வண்டியை நிறுத்த மாட்டாய். கீழேயே நிறுத்திவிட்டு, நடந்துபோய், முதல் வீட்டு வாசலில் நின்று, "இங்க வண்டியப் போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்பாய். அவர்கள் உட்கார வைத்துக் கேழ்வரகுக் கூழ் கொடுப்பார்கள். அது முடிவதற்குள் இருட்டிவிடும். நான் முணுமுணுத்தால், "அடுத்தவன் ஊட்டு வாசல்ல நுழையறோம் மாமே. கேக்காம நுழைவியா நீ?" என்பாய்.

அந்த ஊரில் முதல் வீடு காளியம்மா வீடு. நம்மை விடக் கொஞ்சம் மூத்தவள், ஆடு வளர்க்கிறவள், வாய் ஓயாது. உன் பெயரை அவள் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. அங்கே நீ "தம்பி". நான் "அந்தத் தம்பி கூட வர்ற தம்பி".

பிறகு ஒரு காலையில் பாடி பாலத்துக்குக் கீழே நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். அப்போதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் சாய்ந்தாயாம். பின்னால் வந்த பஸ் டிரைவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

நம் ஏரியாவில் பெரிதாகச் செய்வது என்றால் என்ன? பேனர்தான். வயசுக்கு வந்தால் பேனர், காது குத்தினால் பேனர், செத்தால் கட்டாயம் பேனர். அம்பத்தூரில் பேனர் இல்லாமல் ஒருவன் செத்தால் அவன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நான் மலைக்கே பேனர் கொண்டுபோனேன், மச்சான்.

கடைக்காரப் பையன் உன் தலையை வெட்டி எவனுடைய கோட்டு சூட்டிலோ ஒட்டினான். கறுப்புக் கண்ணாடி மாட்டினான், பின்னால் பனிமலை வைத்தான். நம் வாழ்நாளில் நாம் பனிமலை பார்த்ததில்லை. "தனா வழி" என்று கொட்டை எழுத்து, மேலே போகச் சொல்லி ஒரு அம்புக்குறி. கீழே வரிசையாக, மலைக்கு வண்டி ஏற்றுகிற எங்கள் குரூப்பு முகங்கள். அதில் என் முகம்தான் பெரிது, உன் முகத்துக்கு அடுத்த அளவு. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.

குரூப்பு வண்டிகளெல்லாம் வரிசை கட்டிப் போனோம். தார் ரோடு முடிகிற இடத்தில் பேனரைக் கட்டினோம். ஊற்றில் சக்கரம் முங்க வண்டிகளை இறக்கி, தண்ணீர் பறக்கப் பறக்க வீடியோ எடுத்தோம். காளியம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. வெளிச்சம் போய்விடும், ஷாட் கெட்டுவிடும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். வீடியோவை இடத்தோடு, வழியோடு போட்டேன். மேப்பிலும் "தனா வழி" என்று ஏற்றிவிட்டேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. முகம் தெரியாத பையன்களெல்லாம், "அண்ணா, தனா வழி போயிட்டு வந்துட்டோம்ணா, வேற லெவல்ணா" என்று படம் அனுப்பினார்கள். ஒவ்வொருவனுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை போட்டேன். மல்லிகா அதைக் கம்பெனியில் எல்லோரிடமும் காட்டி அழுதிருக்கிறாள், சந்தோஷத்தில்தான். உனக்குச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் மச்சான். எனக்கும் சேர்த்துச் செய்துகொண்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

போன மாதம் மல்லிகா வந்து கேட்டாள். "அண்ணே, அவர் பேர் வச்ச இடத்தை நான் ஒரு தபா பாக்கணும். இருந்தப்ப என்னைக் கூட்டிகினு போகவே இல்ல, ஆம்பளைங்க போற இடம்னு சொல்லிட்டாரு." நானும் அப்படிச் சொன்னவன்தானே? என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி, வரவில்லை. மல்லிகா நல்ல புடவை கட்டிக்கொண்டு, உன் பேனருக்குப் போட ஒரு ரோஜா மாலையை வாழையிலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

தார் ரோடு முடிகிற இடத்தில் பேனர் இல்லை. கயிறு மட்டும் மரத்தில் தொங்கியது. "காத்துல பறந்திருக்கும்மா" என்றேன். மேலே ஏறினோம். நாம் ஒரு வண்டி ஏறப் பார்த்துப் பார்த்துப் போன வழி, மூன்று வண்டி அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. சேற்றைத் தவிர்க்கிறேன் என்று பக்கத்துச் சாமைக் கொல்லைக்குள் இறங்கிப் போயிருக்கிறார்கள். புதரெல்லாம் பாட்டில். மல்லிகா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஊருக்கு முன்னால் வழியின் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டு முள் அடைத்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு ஆளுக்கொரு கழியோடு பெண்கள் வந்தார்கள். முன்னால் காளியம்மா. என்னைப் பார்த்ததும் கழியைக் கீழே போட்டாள்.

"நீயா? வா தம்பி. உங்களுக்கு இல்ல இந்த முள்ளு. தனாங்களுக்குப் போட்டது."

"யாரு தனாங்க?" என்று கேட்டது மல்லிகா.

"மெட்ராஸ்லேர்ந்து வர்றானுங்களே, அவனுங்கதான். தனா வழி எது, தனா வழி எதுன்னு கேட்டுக்கிட்டு வந்து ஊத்துலயே வண்டி கழுவுறானுங்க. நாங்க குடிக்கிற தண்ணில ஆயில் மெதக்குது. யாரு அந்தத் தனாவோ, அவன் நாசமாப் போக."

மல்லிகா மடியிலிருந்த மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முள்ளுக்கு அந்தப் பக்கம், காளியம்மா வீட்டு ஆட்டுப்பட்டிக்கு மேலே உன் பேனர் கூரையாகக் கிடந்தது. கோட்டும் பனிமலையும் தெரிந்தன. எங்கள் முகங்கள் இருந்த கீழ்ப்பகுதி காற்றில் கிழிந்து போயிருந்தது. அது நீதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

காளியம்மா விடவில்லை. "ஆமா, உன்கூட வருவாரே, வந்து கேட்டுட்டுத்தான் வண்டிய நிறுத்துவாரே, அந்தத் தம்பி எங்க? அவர்கிட்ட முறையிடணும்னுதான் இருக்கோம். அவர் ஒரு வார்த்தை சொன்னா இந்தத் தனாங்க அடங்கிடுவானுங்க."

மல்லிகாதான் சொன்னாள். "அவரு தவறிட்டாரும்மா. நான் அவர் ஊட்டுக்காரி."

அந்தப் பெண்கள் அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். நம் தெருவில்கூட உனக்கு அப்படி யாரும் அழவில்லை. காளியம்மா மல்லிகாவைக் கட்டிக்கொண்டு, "மகராசன், பேரு கூடக் கேட்டு வச்சுக்கலையே நாங்க. என்ன தாயி அவர் பேரு? எங்க சாமிகிட்ட சொல்லிக் கும்பிடணும்" என்றாள்.

மல்லிகா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"புருஷன் பேரச் சொல்ல மாட்டியா? சரி சரி, எங்க பக்கமும் அப்படித்தான்" என்று காளியம்மா கண்ணீரோடு சிரித்தாள். உன் மல்லிகாவா மச்சான் பெயர் சொல்லாதவள்? காலையில் மாடியிலிருந்து "தனா, டிபன் பாக்ஸ்!" என்று அவள் போடும் சத்தத்தில்தானே எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்திருப்போம்?

காளியம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. "நாங்களும் தம்பின்னுதாம்மா கூப்பிடுவோம்" என்றேன். நாக்கு கூசவில்லை. அது இப்போதுதான் கூசுகிறது.

மல்லிகா மாலையை அவர்கள் சாமிக்குப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். பூந்தமல்லி நெரிசலில் மாட்டிக்கொண்டோம். நான்தான் தாங்காமல் கேட்டேன், "ஏம்மா பேரைச் சொல்லல? அவங்க திட்டினதாலயா?"

"அவங்க திட்டினது அவர இல்லண்ணே. அது எனக்குத் தெரியும்" என்றாள். "பேரச் சொன்னா, அப்புறம் அந்தப் பேர இங்க யாரு கொண்டாந்து வச்சதுன்னு கேப்பாங்க. நீங்க அங்க நின்னுகினு இருந்தீங்க."

வண்டியை ஓட்ட முடியவில்லை எனக்கு. ஓரம் கட்டினேன். அவள் புருஷன் பெயரைப் பார்க்க வந்தவள், மச்சான். என் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பெயரையே விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறேன். நான் எல்லாம் ஒரு அண்ணனா?

வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் அதைப் பார்த்துப் போனவர்கள் போட்ட வீடியோக்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன. மேப்பில் பெயரை நீக்கச் சொல்லி எழுதிப்போட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நேற்றுகூட ஆவடிப் பக்கத்துப் பையன் ஒருவன் லொக்கேஷன் கேட்டான். போகாதேடா தம்பி என்றேன். "உங்களுக்கு மட்டும்தான் மலையாண்ணா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டான். அவன் கேட்டதில் என்ன தப்பு?

மல்லிகாவிடம், வா, திரும்பப் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். "நான் வரல. நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன் மச்சான். வேனை எடுக்கவில்லை. பஸ்ஸில் அடிவாரம் வரை, பிறகு நடை. காளியம்மா வாசலில் நின்று, உங்களிடம் கேட்டுக் கேட்டு வண்டி நிறுத்தினவன் பெயர்தான் தனா, அந்தப் பெயரை ஆட்டுப்பட்டிக் கூரையாக்கினவன் நான் என்று சொல்லப் போகிறேன். கழியால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். முள்ளை எடுக்கச் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் சாமி முன்னால் நின்று காளியம்மா உன்னை நினைக்கும்போது அவள் வாயில் உன் பெயர் இருக்க வேண்டும். திட்டுவதற்கு மட்டுமே அவளிடம் அதை விட்டுவைக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
மல்லிகா இன்னும் அண்ணே என்று கூப்பிடுகிற
ரவி