தொட்டி மூடுவதற்குள்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால் வேறு கேள்விகள். உன் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? பாட்டுக் குழுவில் யாராவது உன்னைச் சிரிக்க வைக்கிறார்களா? போனில் ஏன் பேசவே மாட்டேன் என்கிறாய்?

இங்கே கெட்ட செய்தி. நம் நிலத்தடித் தொட்டியை மூடப் போகிறார்கள்.

போன வாரம் நகராட்சி இன்ஜினியர் வந்தார். இரும்புப் படிகளில் அவர் டார்ச்சோடு இறங்க, நானும் பின்னாலேயே போனேன். "ஒரு காலத்துல ஊருக்கே இங்கிருந்துதான் சார் தண்ணி. அப்புறம்தான் பாட்டரங்கமா..." என்று அப்பா ஆரம்பித்தார். அதற்குள் இன்ஜினியர் தும்மிவிட்டார். அந்தத் தும்மல் தூண் தூணாகச் சுற்றி, கூரை வளைவுகளில் ஏறி, திரும்பி அவர் தலைமேலேயே வந்து விழுந்தது.

"யாருங்க அது?" என்றார்.

"நீங்கதான் சார்" என்றார் அப்பா.

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. டார்ச் வெளிச்சம் மேற்குத் தூணில் நின்றிருந்தது. அடியிலிருந்து தோள் உயரத்துக்கு விரிசல். அதன் வழியே தண்ணீர் கசிகிறது.

மாதக் கடைசி சனிக்கிழமை ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பூட்டு. தொட்டிக்கு மேலே இருக்கும் நம் இரண்டு அறைகளுக்கும் சேர்த்துத்தான்.

அம்மா, அன்றைக்கு நீ பாட வேண்டும். வேறு யார் பாடினாலும் அந்த இடம் அவர்களை விழுங்கிவிடுகிறது. நீ மட்டும்தான் ஒரு வரியைப் பாடி நிறுத்துவாய். அது சுவரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும்வரை பொறுத்திருந்து, அதன் மேலேயே அடுத்த வரியை வைப்பாய். ஒருத்தியே நாலு பேராகப் பாடுவது போலிருக்கும்.

பாட்டுக் குழுவில் சேர நீ கிளம்பிய அன்று அப்பா கத்தியது எனக்கும் கேட்டது. "இந்தத் தொட்டிய விட்டா உன் குரல் எங்கயும் எடுபடாது." கோபத்தில் சொன்னார் அம்மா. இப்போது உன் பெயரையே எடுப்பதில்லை. ஆனால் வாசலில் கிடக்கும் உன் பழைய செருப்பை நகர்த்தவும் விடுவதில்லை.

வா.

உன்
கண்ணாடிக்காரி


மார்ச் 11

என் கண்ணாடிக்காரிக்கு,

ஜன்னல் இருக்கிறது. அதில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிகிறது. அடுத்த வீட்டுப் பூனை சில நாள் என்னைச் சிரிக்க வைக்கிறது.

தூணைப் பற்றிப் படித்தேன். நீ தனியாகக் கீழே இறங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்காதே.

என்னால் வர முடியாது, தங்கம். காரணம் கேட்காதே.

அந்த ஈரத்தில் அப்பா இருமுகிறாரா? நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா


மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமுகிறார். நாள் முழுக்கப் பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்கிறார். "மூடப் போற இடத்துக்கு எதுக்குப்பா இவ்ளோ பாடு?" என்றேன். "சனிக்கிழமை வர்றவங்க கால் நனையக் கூடாதுல்ல" என்றார்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வாசல் பலகையில் 'கடைசி நிகழ்ச்சி' என்று எழுதி, பாடுபவர் பெயருக்கு அப்பா இடம் விட்டிருந்தார். காலையில் பள்ளிக்குப் போகும்போது அதில் உன் பெயரை எழுதிவிட்டேன். மாலையில் திரும்பி வருவதற்குள் எல்லா இருக்கையும் விற்றுப்போய்விட்டது.

அப்பா பலகை முன்னாலேயே நின்றிருந்தார். "வர்றேன்னு எழுதினாளா?" என்று கேட்டார். அம்மா, அந்த முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அவர் உள்ளே போய், பல நாள் தாடியை மழித்துக்கொண்டு வந்தார்.

நீ வராவிட்டால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இது மிரட்டல் இல்லை. கெஞ்சல்.

உன்
கண்ணாடிக்காரி


மார்ச் 20

கண்ணே,

நீ செய்தது தப்பு. திட்டத்தான் தெம்பில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே தொண்டையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது. அதனால்தான் போனில் பேசுவதில்லை. குழுவில் இப்போது நான் பாடகி இல்லை. மற்றவர்களின் மேடை உடுப்புகளைத் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன்.

தொட்டியில் நின்று நான் வாயைத் திறந்தால் அந்தக் காற்றுச் சத்தம் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து விழும். அதை என்னால் தாங்க முடியாது. அப்பாவிடம் சொல்லாதே. அவர் வாயால் சொன்னது நடந்துவிட்டதென்று அவருக்குத் தெரியவே வேண்டாம். எனக்குச் சத்தியம் செய்து கொடு.

பெயரை அழித்துவிடு.

அம்மா


மார்ச் 23

அம்மா,

சத்தியம். உன் கடிதத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய், நூலகத்தில் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

பெயரை அழிக்கத்தான் போனேன். என் எழுத்து கோணலாக இருக்கிறதென்று அப்பா அதன்மேல் பெயின்டில் அழகாகத் திருத்தி எழுதியிருந்தார். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

இப்போது நான் என்ன செய்ய? இதை வேறு யாரிடம் கேட்பேன்? உடனே எழுது.

கண்ணாடிக்காரி


மார்ச் 31

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எழுதவில்லை. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

எல்லாரும் வந்தார்கள். அப்பா தூணுக்கு ஒரு விளக்கு வைத்திருந்தார். எவ்வளவு இறைத்தும் தரையில் மெல்லிய ஈரம் மிஞ்சியிருந்தது. அதில் தூண்கள் தலைகீழாக இன்னும் ஆழத்துக்கு இறங்கின. அவ்வளவு அழகாக அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அப்பா படிக்கட்டுப் பக்கம் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார், உனக்காக.

நேரம் போயிற்று. கடைசியில் நான் நடுவில் போய் நின்று, அம்மா வரவில்லை என்றேன்.

முன்வரிசையில், எனக்கு எதிரிலேயே மருந்துக்கடை அத்தை. "வரலையா? பெரிய ஊருக்குப் போனதும் தலைகால் புரியல போல. புருஷனையும் பொண்ணையும் விட்டுட்டுப் போனவளுக்கு நாமெல்லாம் எம்மாத்திரம்?"

என்னால் பொறுக்க முடியவில்லை அம்மா. அவர் ஒருத்தருக்காவது உண்மை தெரியட்டும் என்று குனிந்து காதில் சொன்னேன். "எங்கம்மாவுக்குக் குரல் போயிடுச்சு அத்தை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

தொட்டியின் நடுவில் நின்று ரகசியம் பேசினால் அது சுவரோரம் வரைக்கும் போகும் என்பது எனக்குப் பல் முளைத்த நாளிலிருந்தே தெரியும். அந்த நேரத்தில் மறந்து தொலைத்தேன்.

போய்விட்டது. ஒவ்வொரு தூணும் அதை வாங்கி அடுத்த தூணுக்குக் கொடுத்தது. 'அப்பாவுக்குத் தெரியக் கூடாது' என்பது அப்பாவிடமே போய்ச் சேர்ந்தது.

"எப்போ?" என்று கேட்டார் அப்பா. அவர் ஒருமுறைதான் கேட்டார். தொட்டி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நாக்கு அழுகிப் போக எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதார்.

காலையில் சாவியை ஒப்படைத்தாயிற்று. உன் கடிதங்களை அப்பாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "நான் சொன்ன சொல்லுக்குப் பயந்துதான் இத்தனையும் தனியாப் பட்டிருக்கா" என்றார். பிறகு பஸ் எப்போது என்று கேட்டார்.

நானும் வருகிறேன் என்றேன். பரீட்சை இருக்கிறது, அத்தை வீட்டில் இரு என்றுவிட்டார். "நீங்க போய் ஏதாவது ஏடாகூடமாப் பேசிடுவீங்கப்பா" என்றேன்.

"பேசமாட்டேன். எல்லாத்தையும் நீ எழுதிக் குடு. நான் வாயே தொறக்கல."

அதனால்தான் இதில் தபால்தலை இல்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சத்தியத்தை மீறியவள் நான். அதற்கு என்னைத் திட்டு. நீ வராவிட்டாலும் பரவாயில்லை, அவரை உன்னோடேயே வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்த ஒன்றை மட்டும் செய். அவர் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

படித்து முடித்துவிட்டாய் அல்லவா? கதவைத் திற, அம்மா.

உன்
கண்ணாடிக்காரி