மூன்றாம் பெஞ்சின் ஓரம்

ஞாயிறு, ஜூலை 6

புழுக்கம். இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். பங்குச் சாமியாருக்கு ஒரு கடிதம் எழுதியே தீர வேண்டும்.

மார்ச்சில் இறந்த அப்பாவுக்கு நினைவுப் பூசை. முப்பது வருடத்துக்குப் பிறகு மந்தைவெளி மாதா கோவிலுக்குள். பின்னால், தூணருகே நின்றேன். பிரசங்கம்: பிள்ளை எவ்வளவு தூரம் போனாலும் கடவுள் ஒரு தகப்பனைப் போலப் பொறுமையாகக் காத்திருப்பார். எந்தத் தகப்பனைப் போல? சாமியாராகப் படிக்கப் போன குருமடத்தை விட்டு வந்த இருபது வயது மகனை, என்னை, "என் முகத்துல முழிக்காதே" என்று வாசலோடு அனுப்பியவரைப் போலவா? நான் இருக்கும் பெருங்குடி என்ன பம்பாயா? ஒரு நாள் வந்து பார்த்தாரா? ஒரு போன்?

சாமியார் உருப்படியாகச் சொன்னது ஒன்றுதான். "கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்காதீங்க. இது கோவிலா, பஸ்ஸா? அடுத்த வாரத்துலேர்ந்து எடுத்துடுவோம்." எல்லோரும் சிரித்தார்கள். கடிதத்தில் இதை மட்டும் பாராட்டலாம்.

திங்கள், 7

அப்பா வீட்டைக் காலி செய்யும் வேலை. காஸ் இணைப்பு ரத்து. பழைய பேப்பர். கட்டில் யாருக்காவது.

அலமாரியில் இஸ்திரி போட்ட கைக்குட்டைகள், பதினொன்று. நீலக் கரை. சின்ன வயதில் என் சட்டைப் பையில் இருந்த மாதிரியே. அப்பா வியர்வையைத் துண்டால்தான் துடைப்பார். இவை யாருக்கு?

கிறிஸ்துமஸ் துணி எடுக்க தி.நகர் போவோம். திரும்பும்போது கூட்டம். பஸ் நிற்பதற்குள் என் பையிலிருந்து கைக்குட்டையை உருவி ஜன்னல் வழியாக சீட்டில் எறிவார். "போய் உட்காருடா, அது உன் இடம்." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நிற்பார். மடியில் புதுத் துணி வாசனை. கையில் வறுகடலை.

கடிதம் நாலு பக்கம். நல்ல வாக்கியங்கள்.

புதன், 9

காலையில் தூறல். மீன் வாங்கப் போனேன். ஃபிலோமினா அக்கா இன்னும் அதே முனையில்தான். கோவிலில் அப்பாவுக்குப் பின் பெஞ்ச்.

"இன்னா நைனா, வாத்தியார் புள்ளதானே? மூஞ்சி அப்டியே கீது. அந்தக் கோவத்தையும் சேத்து."

சங்கரா கேட்டேன். வெட்டிக்கொண்டே பேசினாள்.

"இனிமே கர்ச்சீப் போடக் கூடாதாமே. இதப் பாக்காம உங்கப்பா போய்ச் சேந்தாரு. ஞாயித்துக்கெழம தவறாம மூணாவது பெஞ்சு ஓரத்துல ஒண்ணு போட்டு வெச்சுக்கினு இருப்பாரு. நானே சண்ட போட்டுக்கீறேன். 'யாருக்கு சார் இந்த எடம், வானத்துலேர்ந்து எறங்கி வர்ற சம்மனசுக்கா?'ன்னு. 'பையன் வருவான்'ம்பாரு. ஒரு ஈஸ்டருக்குப் புள்ளத்தாச்சி ஒருத்தி நின்னா. எந்திரிச்சுத் தன் எடத்தக் குடுத்தாரு. கர்ச்சீப்ப எடுக்கல. முட்டி வலியோட பூச முடியற வரைக்கும் நின்னாரு, மனுசன்."

காசை மீன் பலகையில் வைத்தேன்.

"தல வேணுமா, தூக்கிப் போட்ரவா?"

மீனை வாங்காமலே பாதித் தெரு வந்துவிட்டேன். பின்னாலிருந்து கத்திக் கூப்பிட்டாள்.

மாலை. கோபம் போகவில்லை. பேசியிருக்கலாமே அப்பா. மந்தைவெளியில் துணியைப் போட்டு வைத்தால் பெருங்குடியில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பதில் பேசவில்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவு கட்டினேன். பக்கத்து இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் இருந்திருக்கிறார். அப்பாவைச் சொல்கிறேனா, கடவுளைச் சொல்கிறேனா? தெரியவில்லை.

சனி, 12

வெயில். நாலு பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக எழுதியது:

"பங்குத்தந்தைக்கு, கைக்குட்டைகளை எடுக்க வேண்டாம். வருவார்களா என்று தெரியாதவர்களுக்காகவும் சிலர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். தகப்பனைப் பற்றி நீங்கள் சொன்னது"

அதோடு நிறுத்திவிட்டேன். "சரி" என்று எழுதக் கை வரவில்லை.

நாளை ஏழு மணிப் பூசை. பதினொன்றில் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்தாயிற்று. கடிதம் கோவில் வாசலில் உள்ள ஆலோசனைப் பெட்டிக்கு. கையெழுத்துப் போட்டால் வாத்தியார் மகன் திரும்பி வந்துவிட்டான் என்பார்கள். அந்த அளவுக்கு இன்னும் இல்லை. பெயர் போடாமலேதான் போடப் போகிறேன்.